அன்ஃபிட் என்று வந்த பிறகு

எங்கள் குமரி மாவட்டத்தில் எச்ஐவி பரிசோதனை இரண்டு வழியாகத்தான் வீட்டுக்குள் வருகிறது. பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில். ஆண்களுக்கு, வளைகுடா வேலைக்குப் போகுமுன் எடுக்கிற கல்ஃப் மெடிக்கலில். இந்த இரண்டும் இல்லாமல், தானாகக் கிளம்பி வந்து 'ஒருக்கா பாத்துருவோம்' என்று கையை நீட்டியவர்கள் ரொம்பக் குறைவு. மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு சின்ன லேபில் வருடக்கணக்காக ரத்தம் எடுத்தவள் என்பதால் இதைச் சொல்கிறேன்.

கர்ப்பிணிக்கு எடுப்பதில் பெரிய குழப்பம் இல்லை. சர்க்கரை, ஹீமோகுளோபின், விடிஆர்எல் (சிபிலிஸ் டெஸ்ட்) என்று போகிற வரிசையில் அதுவும் ஒன்று. அரசு ஆஸ்பத்திரி என்றால் பாசிட்டிவ் வந்தாலும் உட்கார வைத்துப் பேச ஒரு ஆலோசகர் இருப்பார். கல்ஃப் மெடிக்கல் வேறு மாதிரி. ஏஜெண்ட் சொன்ன சென்டருக்கு, திருவனந்தபுரமோ சென்னையோ, விடியற்காலை வண்டி ஏறிப் போக வேண்டும். மார்பு எக்ஸ்ரே, ஹெபடைட்டிஸ் பி, சி, எச்ஐவி எல்லாம் பார்ப்பார்கள். ஒன்று சரியில்லை என்றாலும் 'அன்ஃபிட்'. வளைகுடா நாடுகள் எச்ஐவி உள்ளவருக்கு வேலை விசா தருவதில்லை. அங்கே வேலையில் இருக்கும்போது இகாமா (தங்கும் அனுமதி) புதுப்பிக்கிற டெஸ்ட்டில் தெரிந்தாலும் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். விசாவுக்குக் கட்டிய பணம் போகும், நகை அடகில் இருக்கும், வீட்டில் என்ன சொல்வது என்று தெரியாது. ஏன் அன்ஃபிட் என்று விளக்குகிற ஆள் பல இடங்களில் கிடையாது.

அப்படி அன்ஃபிட் ஆன ஒரு பையன் சித்தப்பாவோடு எங்கள் லேபுக்கு வந்தான். (ஊர், வயது எல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை.) பேசியதெல்லாம் சித்தப்பாதான். "ஒருக்கா கூடி நல்லா பாத்துச் சொல்லு மக்களே. அங்க உள்ள மிசின் சரியில்ல போலுக்கு." ஊசி போடும்வரை வாயே திறக்காத பையன், சித்தப்பா வெளியே போனதும் கேட்டான்: "அக்கா, எய்ட்ஸ் வந்தா எத்தன மாசம் இருப்பாவ?"

ஐடிஐ முடித்தவன். கையில் நல்ல போன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலாக வந்த மாவட்டம் எங்களுடையது, 91.75 சதவீதம். ஆனால் எச்ஐவி விஷயத்தில் எங்கள் அறிவு பள்ளிக்கூடச் சுவரில் மண்டையோடு வரைந்திருந்த காலத்திலேயே நின்றுவிட்டது. அந்தச் சுவருக்கு இரண்டு தடவை வெள்ளையடித்துவிட்டார்கள், மருந்தும் மாறிவிட்டது, அந்தப் பையனின் தலையில் மட்டும் மண்டையோடு அப்படியே இருந்தது. அவனுக்கு அன்றைக்குச் சொன்னதையும் சொல்ல நேரமில்லாமல் போனதையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், எச்ஐவியும் எய்ட்ஸும் ஒன்றல்ல. எச்ஐவி ஒரு வைரஸ். அதை மருந்தில்லாமல் வருடக்கணக்கில் விட்டால் உடம்பு போய்ச் சேருகிற நிலைதான் எய்ட்ஸ். நம் ரத்தத்தில் சிடி4 என்ற ஒரு வகை வெள்ளை அணு உண்டு. வெளியிலிருந்து கிருமி வந்தால் மற்ற அணுக்களை ஏவி விடுவது அதன் வேலை. எச்ஐவி நேராக அதில்தான் போய் ஒட்டுகிறது. உள்ளே நுழைந்து, தன்னுடைய ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றி எழுதி, நம் அணுவின் டிஎன்ஏவுக்குள்ளேயே செருகிவிடுகிறது. அதன் பிறகு அந்த அணு வைரஸைத் தயாரிக்கிற பட்டறை. ஆரோக்கியமான ஆளுக்கு ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் சிடி4 எண்ணிக்கை 500 முதல் 1500 வரை இருக்கும். அது 200க்குக் கீழே போனாலோ, சாதாரண ஆளை அண்டாத சில நோய்கள் வந்து பிடித்தாலோ அதை எய்ட்ஸ் என்கிறார்கள். நம் நாட்டில் அப்படி முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் காசநோய்.

தொற்று ஏற்பட்ட இரண்டு, நான்கு வாரத்தில் சிலருக்குக் காய்ச்சல், தொண்டைவலி, உடம்பில் தடிப்பு வரும். வைரல் ஃபீவர் என்று மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார்கள். அதன்பிறகு எட்டு, பத்து வருடம்கூட ஒன்றும் தெரியாது. ரப்பர் வெட்டலாம், கடலுக்குப் போகலாம், கல்யாணம் கட்டலாம், ஜிம்முக்குப் போய் உடம்பு ஏற்றலாம். 'ஆளைப் பார்த்தாலே தெரியும்' என்று டீக்கடையில் அடித்துச் சொல்கிற அண்ணாச்சிகளிடம் நான் கேட்பது, எங்கள் லேபில் மிஷின் எதற்கு, நீங்களே வந்து உட்காரலாமே என்றுதான்.

எப்படிப் பரவும்? ரத்தம், விந்து, பெண்ணுறுப்பிலும் மலக்குடலிலும் ஊறும் திரவங்கள், தாய்ப்பால். இந்த வழிகள்தான். பாதுகாப்பில்லாத உடலுறவு, ஒருவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்குப் போடுவது, பரிசோதிக்காத ரத்தம் ஏற்றுவது, தாயிடமிருந்து குழந்தைக்கு. எச்சில், வியர்வை, கண்ணீரில் பரவாது. கொசு கடித்தும் பரவாது. கொசுவின் உடம்பில் இந்த வைரஸால் பெருக முடியாது. குளத்தில் சேர்ந்து குளித்தால், ஒரே டம்ளரில் குடித்தால், செத்த வீட்டில் கட்டிப்பிடித்து அழுதால் ஒன்றும் ஆகாது.

எங்கள் பக்கத்தில் மட்டும் கேட்கிற ஒரு கேள்வி உண்டு: சபையில் திருவிருந்துக் கிண்ணம். சிஎஸ்ஐ சபைகளில் ஒரே கிண்ணத்தில் பலர் வாய்வைக்கிற வழக்கம் இருக்கிறது. "அவனுக்கு இருக்குதுன்னா அந்தக் கிண்ணத்துல எப்பிடி குடிக்க?" என்று என்னிடம் கேட்டவர் ஒரு ஓய்வுபெற்ற டீச்சர். எச்சில் வழியாக எச்ஐவி வராது டீச்சர், சளிக்காய்ச்சல் வேண்டுமானால் வரும் என்றேன். அவருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. அடுத்த ஞாயிறு அவர் எந்த வரிசையில் நின்றார் என்று நான் விசாரிக்கவில்லை.

இந்த நோயின் இந்தியக் கதை தமிழ்நாட்டில்தான் தொடங்குகிறது. அமெரிக்காவில் 1981இல் முதல் நோயாளிகளைப் பற்றி அறிக்கை வந்தது. 1983இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். 'அதெல்லாம் அங்கே, நம்ம ஊர் ஒழுக்கமான ஊர்' என்று இங்கே பத்திரிகைகளே எழுதிக்கொண்டிருந்த நேரம். 1986இல் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் டாக்டர் சுனிதி சாலமன், தன் மாணவி நிர்மலா செல்லப்பனிடம் இதை ஆய்வாக எடுக்கச் சொன்னார். பாலியல் தொழில் செய்த பெண்களிடமிருந்து ரத்தம் சேகரித்து, சீரத்தைப் பிரித்து, வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருந்து, ரயிலில் வேலூர் சிஎம்சிக்கு எடுத்துப் போனார் நிர்மலா. சென்னையில் சோதித்துப் பார்க்க வசதியில்லை. ஆறு பேருக்கு இருந்தது. லேபில் வேலை பார்க்கிற எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் அந்த ஃப்ரிட்ஜ். இன்றைக்கு யாராவது சாம்பிளை வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் வேலை போய்விடும். அன்றைக்கு அது இல்லையென்றால் நாடு இன்னும் பல வருடம் கண்ணை மூடிக்கொண்டிருந்திருக்கும். டாக்டர் சுனிதி 1993இல் ஒய்ஆர்ஜி கேர் அமைப்பைத் தொடங்கினார், 2015இல் காலமானார், 2017இல் அரசு பத்மஸ்ரீ கொடுத்தது.

கண்டுபிடித்தது நல்லதுதான், ஆனால் கண்டுபிடித்த இடம் இன்னொரு வேலையும் செய்துவிட்டது. இது 'அந்த மாதிரி' ஆட்களின் நோய் என்று பதிந்துபோனது. பிறகு தமிழ்நாடு முழுக்கத் தட்டிகளில் கேட்ட 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' விளம்பரம் என் தலைமுறைக்கு மறக்காது. ராஜா என்று பெயர் வைத்த பையன்கள் பள்ளியில் பட்ட பாடு தனிக்கதை. காண்டம் பற்றி வாய்விட்டுப் பேச வைத்த வகையில் அதை நான் குறை சொல்லமாட்டேன். என்ன, வெளியே சுற்றுகிற புள்ளிராஜாவின் படம்தான் மனதில் நின்றது. வீட்டில் இருந்த ராணிக்கும் வரும் என்பது நிற்கவில்லை. நான் ரிப்போர்ட் கொடுத்த பெண்களில் பலர் கணவன் ஒருவனைத் தவிர யாரையும் அறியாதவர்கள்.

டெஸ்ட்டுக்கு வருகிறேன். ஒரு கிட்டில் ரியாக்டிவ் என்று கோடு விழுந்தால் உடனே எச்ஐவி என்று முடிவு கட்டக் கூடாது. அரசின் நம்பிக்கை மையத்தில் மூன்று வெவ்வேறு கிட்டில் பார்ப்பார்கள். மூன்றும் ஒத்துப்போனால்தான் பாசிட்டிவ். ஒன்றுக்கொன்று முரணாக வந்தால் 14 நாள் கழித்து மறுபடி ரத்தம் எடுப்பார்கள். எல்லாம் இலவசம். டெஸ்ட்டுக்கு முன்னும் பின்னும் ஆலோசகர் பேச வேண்டும், சம்மதம் வாங்க வேண்டும். எத்தனை தனியார் லேபில் இது நடக்கிறது என்று கேட்டால், என் தொழிலைப் பற்றி நானே கொஞ்சம் வெட்கப்பட வேண்டியிருக்கும். ஆபரேஷனுக்கு முந்தைய பட்டியலில் டிக் போட்டு வருகிறது, நாங்கள் எடுக்கிறோம், நோயாளிக்கு எதற்கு ரத்தம் எடுத்தார்கள் என்பதே தெரியாது. சித்தப்பாவிடம் நான் சொன்னதும் இதுதான்: இங்கே ஒரு கிட்டில் பார்த்துச் சொல்வதில் அர்த்தமில்லை, நேராக நம்பிக்கை மையத்துக்குப் போங்கள்.

நெகட்டிவ் என்று வந்தாலும் ஒரு விஷயம் உண்டு. கிருமி உள்ளே வந்த மறுநாளே டெஸ்ட்டில் தெரியாது. கிட்டைப் பொறுத்துச் சில வாரத்திலிருந்து மூன்று மாதம்வரை ஆகலாம். அந்த ஆரம்ப வாரங்களில்தான் ரத்தத்தில் வைரஸ் மிக அதிகம். தப்பு நடந்த மூன்றாம் நாள் ஓடிவந்து, நெகட்டிவ் ரிப்போர்ட்டை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சந்தோஷமாகப் போகிறவரைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். மூன்று மாதம் கழித்து வாங்க என்றால் வருவதில்லை. ஆண்களுக்கு வேலைக்கான டெஸ்ட்டில்தான் தெரியவருகிறது என்றேனே, 2018 டிசம்பரில் சாத்தூரில் ஒரு கர்ப்பிணிக்கு எச்ஐவி உள்ள ரத்தம் ஏற்றப்பட்டது நினைவிருக்கும். ரத்தம் கொடுத்த இளைஞர் தனக்கு இருப்பதைத் தெரிந்துகொண்டது வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில். தெரிந்ததும் அவராகவே வந்து சொன்னார்.

பாசிட்டிவ் என்று உறுதியானால் அடுத்து ஏஆர்டி மையம், அதாவது எச்ஐவியை அடக்கிவைக்கிற மருந்து கொடுக்கிற இடம். எங்களுக்கு அது ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜில் இருக்கிறது. 2004 ஏப்ரல் 1 முதல் இந்திய அரசு இந்த மருந்துகளை இலவசமாகக் கொடுக்கிறது. அப்போதெல்லாம் சிடி4 இறங்கும்வரை காத்திருக்கச் சொல்வார்கள், கைநிறைய மாத்திரை, கிறுகிறுப்பு, கனவுத் தொல்லை. 2017 முதல் சிடி4 எவ்வளவு இருந்தாலும் உடனே ஆரம்பிக்கலாம். இப்போது பெரும்பாலானோருக்கு ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை; டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் அதற்குள் இருக்கின்றன. இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரை, வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கிற ஜெலுசில் வகையறாவை அதோடு சேர்த்து விழுங்கக் கூடாது, உள்ளே போன மருந்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். காசநோய்க்கும் மருந்து சாப்பிடுகிறவருக்கு டோலுடெக்ராவிரை இரண்டு வேளையாக்குவார்கள். அதனால் எந்த டாக்டரிடம் போனாலும் சாப்பிடுகிற மாத்திரையைச் சொல்லியாக வேண்டும்.

இந்த மாத்திரை வைரஸை ஒழித்துக்கட்டாது. அது நம் டிஎன்ஏவுக்குள் ஒளிந்திருக்கிறது என்று சொன்னேன் அல்லவா? ரப்பர் தோட்டத்துக் களை மாதிரிதான். வெட்டிக்கொண்டே இருந்தால் தரை சுத்தமாகத் தெரியும். ஒரு மழைக்காலம் விட்டுப் பாருங்கள், இடுப்பளவு நிற்கும். மாத்திரையை நிறுத்தினால் சில வாரத்தில் வைரஸ் திரும்ப வரும், சில நேரம் பழைய மருந்துக்கு மசியாத வைரஸாக வரும். முழுக்கக் குணமானவர்கள் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணும் அளவுதான். ரத்தப் புற்றுநோய்க்காக, எச்ஐவி நுழைய முடியாத மரபணு உள்ளவரின் எலும்பு மஜ்ஜை மாற்றப்பட்ட திமோதி ரே பிரவுன் முதலாமவர். அது எல்லாருக்கும் செய்யக்கூடிய வைத்தியம் அல்ல. வர்மமும் சித்தமும் செழித்த மண் எங்களுடையது, அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் 'எய்ட்ஸைக் குணமாக்குவேன்' என்று சூரணம் கொடுக்கிறவரிடம் பணத்தைக் கொட்டாதீர்கள். மருந்துச் சட்ட விதிகளில், குணப்படுத்துவதாக எந்த மருந்தையும் விற்கக் கூடாத நோய்கள் என்று ஒரு பட்டியலே உண்டு. எய்ட்ஸ் அதில் இருக்கிறது.

சரி, குணமாகாது. ஆனால் எத்தனை மாதம் என்று கேட்டானே, அதற்குப் பதில்: சீக்கிரம் தொடங்கி ஒழுங்காகச் சாப்பிட்டால் மற்றவர்களைப் போலவே கிழவனாகலாம். இதைச் சொன்னபோது அவன் நம்பவில்லை. இதைவிட நம்பாதது அடுத்து சொன்னதை. மருந்து சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் அளவு டெஸ்ட்டில் தென்படாத அளவுக்கு இறங்கி, அப்படியே நிலைத்துவிட்டால் உடலுறவு வழியாக அடுத்தவருக்குப் பரவாது. சும்மா ஆறுதலுக்குச் சொல்வதல்ல. ஐரோப்பாவில் பார்ட்னர் என்ற ஆய்வில், ஒருவருக்கு எச்ஐவி இருந்து மருந்தில் அடங்கியிருக்க மற்றவருக்கு இல்லாத ஜோடிகளை வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். காண்டம் இல்லாமல் உறவு வைத்திருந்தும் துணையிடமிருந்து தொற்றியது ஒருவருக்குக்கூட இல்லை. 2016இலும் 2019இலும் முடிவுகள் வந்தன. தென்படவில்லை என்பதை வைரல் லோடு டெஸ்ட் சொல்ல வேண்டும். ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம், பிறகு வருடத்துக்கு ஒன்று. குழந்தையும் பெற்றுக்கொள்ளலாம். மருந்தில்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்கு வர 15 முதல் 45 சதவீதம் வாய்ப்பு. மருந்தோடு அது 5 சதவீதத்துக்கும் கீழே. பிறந்த பிள்ளைக்கு ஆன்டிபாடி (கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்குகிற புரதம்) டெஸ்ட் எடுத்து ரியாக்டிவ் என்று பயப்பட வேண்டாம், அது தாயின் ஆன்டிபாடி. ஆறு வாரத்தில் வைரஸையே தேடுகிற பிசிஆர் டெஸ்ட் பார்ப்பார்கள், பதினெட்டு மாதத்தில்தான் கடைசி முடிவு.

கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தால் சொல்லாமல் கட்டக் கூடாது. அதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

இவ்வளவு நல்ல மருந்து இலவசமாக இருந்தும் அந்தப் பையன் ஆசாரிபள்ளம் போக மாட்டேன் என்றான். அங்கே வேலை பார்க்கிறவர்களில் அவன் ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள், வாசலில் ஆட்டோ ஓட்டுகிறவர் அவன் அப்பாவின் கூட்டாளி. எங்கள் மாவட்டம் அவ்வளவு சின்னது, ஒரு ஊர் முடிந்ததே தெரியாமல் அடுத்த ஊர் தொடங்கிவிடும், எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு வழியில் சொந்தம். திருநெல்வேலியில் பதிந்து மாத்திரை வாங்குகிறவர்களை எனக்குத் தெரியும். தூரம் போனால் வண்டிக்கூலி, ஒருநாள் கூலி நஷ்டம், மழையென்றால் போகாமல் விடுவது. அப்படித்தான் மாத்திரை விட்டுப்போகிறது. ஆசாரிபள்ளத்துக்கு இந்தப் பார்வை புதிதும் அல்ல. மெடிக்கல் காலேஜ் வருவதற்கு முன்பு அது காசநோய் ஆஸ்பத்திரி. அந்தப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினாலே ஒரு மாதிரி பார்ப்பார்கள் என்று என் பாட்டி சொல்வார்.

தூத்தூர், வள்ளவிளை பக்கத்து ஆழ்கடல் மீனவர்களுக்கு வேறொரு சிக்கல். அவர்களுக்கு இது அதிகம் என்று நான் சொல்லவில்லை; மாதக்கணக்கில் கொச்சி, கோவா, குஜராத் என்று துறைமுகம் மாறுகிற எந்தத் தொழிலுக்கும் இது பொருந்தும். நிலையாக இருக்கிறவர்களுக்கு ஒரே தடவையில் மூன்று மாத மாத்திரை கொடுக்கிறார்கள். நாட்டில் எந்த ஏஆர்டி மையத்துக்கும் பதிவை மாற்றிக்கொள்ளலாம். கடலுக்குப் போகும் முன் கேட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான். கேட்பதற்குத்தான் வாய் வருவதில்லை.

2017இல் எச்ஐவி, எய்ட்ஸ் சட்டம் நிறைவேறி 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. எச்ஐவி இருக்கிறது என்பதற்காக வேலையைவிட்டு நீக்குவது, பிள்ளைக்குப் பள்ளியில் இடம் மறுப்பது, வாடகை வீட்டிலிருந்து எழுப்புவது, வைத்தியம் மறுப்பது எல்லாம் அந்தச் சட்டம் தடை செய்த பாகுபாடு. சம்மதமில்லாமல் ஒருவரின் நிலையை வெளியே சொல்லவும் கூடாது. சட்டம் வந்த பிறகும் எனக்குத் தெரிந்த ஒருவருக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஹெர்னியா ஆபரேஷன் தேதி கொடுத்து, என் கையால் போன ரிப்போர்ட்டைப் பார்த்த மறுநாள் 'டாக்டர் லீவு' என்றார்கள். கேஸ் ஷீட்டின் மேல் சிவப்பு மையில் வட்டம். அந்த வட்டத்தை வார்டு துடைக்கிறவர் முதல் கேன்டீன் பையன்வரை படித்திருப்பார்கள். கடைசியில் அரசு ஆஸ்பத்திரியில் எந்தப் பரபரப்பும் இல்லாமல் முடிந்தது. கையுறை போட்டு, கருவிகளைச் சரியாகக் கிருமிநீக்கம் செய்வது எல்லா நோயாளிக்கும் செய்ய வேண்டியது. இவருக்கென்று தனியாக எதுவும் தேவையில்லை.

வீட்டுக்கொரு நர்ஸ் இருக்கிற மாவட்டம் என்பதால் கடைசியாக இதையும் சொல்லிவிடுகிறேன். எச்ஐவி உள்ளவருக்குப் போட்ட ஊசி நம் கையில் குத்திவிட்டால் எச்ஐவி வர ஆயிரத்தில் மூன்று வாய்ப்பு. ஹெபடைட்டிஸ் பி அதைவிடப் பல மடங்கு சுலபமாகத் தொற்றும். எனக்கு அதுதான் பயம், அதற்கு மூன்று டோஸ் தடுப்பூசி இருக்கிறது, போடாதவர்கள் போட்டுக்கொள்ளுங்கள். எச்ஐவிக்குத் தடுப்பூசி இன்னும் இல்லை. தடுப்பூசி வகையைச் சேராத, ஆனால் வருடத்துக்கு இரண்டு தடவை ஊசியாகப் போட்டுத் தொற்றைத் தடுக்கிற லெனாகாபாவிர் என்ற மருந்துக்கு 2025இல் அமெரிக்கா அனுமதி கொடுத்திருக்கிறது. குத்திய இடத்தைப் பிதுக்காமல், வாயில் வைக்காமல், சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவுங்கள். மேலதிகாரி திட்டுவார் என்று மறைக்காதீர்கள். 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், தடுப்பு மாத்திரை தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். காண்டம் கிழிந்தாலும் பலாத்காரம் நடந்தாலும் இதே கணக்குதான், இதே அவசரம்தான். அரசு மருத்துவக் கல்லூரியின் அவசரப் பிரிவுக்கு ராத்திரியானாலும் போங்கள். போகுமுன் யாரிடமாவது கேட்க வேண்டுமென்றால் 1097க்குக் கூப்பிடலாம், காசு இல்லை, தமிழில் பேசலாம்.